சொல்பவர், செய்பவர், பார்த்துச் சொல்பவர்: சின்ன வகுப்பில் வினைச்சொல்

திருப்பூரைச் சுற்றியுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் பல வருடங்களாகச் சின்ன வகுப்புகளுக்குத் தமிழ் நடத்தி வருகிறேன். இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வினைச்சொல்லை எப்படிக் கொண்டுபோவது என்று புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்கள் கேட்பார்கள். பெரும்பாலும் கேள்வி, "என்ன விளையாட்டு வைக்கலாம்?" என்றுதான் வரும். விளையாட்டு வேண்டும்தான். ஆனால் அந்த விளையாட்டில் வினைச்சொல்லின் எந்தப் பகுதி பிள்ளையின் வாயில் வருகிறது என்று பார்க்காமல் நடத்தினால், ஒரு பீரியட் முழுக்க ஓடியாடியதுதான் மிச்சம்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு வினைச்சொல் ஏற்கெனவே தெரியும். "நான் நேத்தே சாப்பிட்டேன், தம்பிதான் சாப்பிடல" என்று வீட்டில் சொல்கிற பிள்ளை எப்போது என்ற காலத்தையும் யார் என்ற இடத்தையும் எதிர்மறையையும் சரியாகத்தான் கையாள்கிறது. பள்ளியில் நமக்கு மிச்சமிருக்கும் வேலை இரண்டு. வாயில் இருக்கும் வினையை நோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம், அந்த வினையின் பின்பாதிதான் யார், எப்போது என்பதைச் சொல்கிறது என்று பிள்ளை தானாகக் கவனிக்க வேண்டும். நான் செய்து பார்த்துத் தொடர்ந்து வைத்துக்கொண்ட செயல்பாடுகள் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

எல்லாப் பள்ளிகளிலும் நடக்கும் விளையாட்டு, சொன்னதைச் செய்வது. "குதி" என்றால் குதிக்க வேண்டும், "உட்கார்" என்றால் உட்கார வேண்டும். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் இதையே மொழி கற்பிக்கும் முறையாக வளர்த்தெடுத்தார். காதில் விழுந்ததை உடம்பு செய்யும்போது சொல் மனதில் தங்கிவிடுகிறது, பேசச் சொல்லி அவசரப்படுத்தக் கூடாது என்பது அவருடைய அடிப்படை. தமிழே தெரியாமல் வரும் பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. பனியன் கம்பெனி வேலைக்காகப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் உண்டு. ஜூன் மாதத்தில் அவர்களுக்கு வா, நில், எடு, கொடு, திற, மூடு என்ற சொற்களை இப்படித்தான் கொடுக்கிறேன். பக்கத்தில் உள்ள பிள்ளையைப் பார்த்துச் செய்தாலே போதும், தனியாக எழுப்பி நிறுத்திக் கேட்பதில்லை.

தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு மட்டும் போதாது. தமிழில் ஏவல் என்பது வெறும் வினையடி. ஓடு, நட, பாடு, வா. அதில் காலமும் இல்லை, யார் என்பதும் இல்லை. அரை மணி நேரம் ஏவல் விளையாட்டு ஆடினால், பிள்ளை காதால் கேட்டது முழுக்க வினையடி மட்டும்தான். வாயால் ஒன்றுமே சொல்லவில்லை. அதனால் ஒரு ஆளைக் கூடுதலாகச் சேர்த்தேன். ஒருவர் சொல்பவர், ஒருவர் செய்பவர், ஒருவர் பார்த்துச் சொல்பவர்.

மூன்று மூன்று பேராக உட்கார வைப்பேன். சொல்பவர் "ஓடு" என்பார். செய்பவர் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டு "நான் ஓடுகிறேன்" என்று சொல்ல வேண்டும். பார்த்துச் சொல்பவர் மற்றவர்களைப் பார்த்து "அவள் ஓடுகிறாள்" என்பார். உடனே சொல்பவர் ஓடுகிற பிள்ளையிடம் "நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்பார். ஒரே செயலில் ஏவல், தன்மை, முன்னிலை, படர்க்கை நான்கும் வந்துவிடுகின்றன. இந்தப் பெயர்களில் ஒன்றையும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. இடம் மாறி மாறி உட்காரும்போது, ஓடு என்ற பாதி அப்படியே இருக்க, பின்பாதி மட்டும் மாறுவது அவர்கள் காதுக்கே கேட்கிறது. ஒரு பையன் ஒரு நாள் கையைத் தூக்கி, "டீச்சர், பின்னாடிதான் ஆள் மாறுது" என்றான். விகுதியைப் பற்றி இரண்டாம் வகுப்பில் இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

மூன்றாவது ஆள் வந்ததில் இன்னொரு நன்மை. எல்லார் முன்னாலும் குதிக்கக் கூச்சப்படும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். நடக்கச் சிரமப்படும் பிள்ளையும் இருக்கலாம். அவர்களை முதலில் பார்த்துச் சொல்பவராக வையுங்கள். உண்மையில் அதுதான் மொழி அதிகம் தேவைப்படும் இடம், எனவே அவர்களுக்குக் குறைவான வேலையைக் கொடுத்ததாக ஆகாது. அப்புறம், செய்யச் சொல்லும் வினைகள் ஓடு, குதி, ஏறு என்று உடம்பைச் சுற்றியே இருக்க வேண்டாம். நினை, கேள், மற, தேடு, கொட்டாவி விடு, கோபப்படு. "நினைக்கிறேன்" என்பதை எப்படி நடித்துக் காட்டுவது என்று பிள்ளைகள் மூளையைக் கசக்குவதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். நெற்றியில் விரலை வைப்பார்கள், கண்ணை மேலே உருட்டுவார்கள், ஒன்றிரண்டு பேர் அசையாமல் நின்று "நெனைக்கிறேன் டீச்சர்" என்பார்கள். கண்ணுக்குத் தெரியாததும் வினைதான் என்பது அப்படித்தான் புரிகிறது.

நாங்கள், நீங்கள் என்ற பன்மைக்குத் தனியாக எதுவும் செய்வதில்லை. பூப்பறிக்க வருகிறோம் விளையாட்டை மைதானத்தில் ஆடவிட்டாலே போதும். இரண்டு வரிசையாக நின்று கேள்வியும் பதிலுமாக வரும் அந்த விளையாட்டில் வருகிறோம், வருகிறீர்கள் என்ற வடிவங்கள் தானாகப் பழகிவிடுகின்றன.

அடுத்தது காலம். பாடப்புத்தகங்களும் பயிற்சித் தாள்களும் பெரும்பாலும் இறந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற வரிசையில் போகும். நான் எதிர்காலத்தில் தொடங்குகிறேன். பேச்சுக்கும் எழுத்துக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருப்பது அங்கேதான். "நாளைக்கு நான் ஓடுவேன், படிப்பேன், நடப்பேன்" என்று சொல்வதை அப்படியே எழுதலாம். பிள்ளை தன் வாயில் வந்த சொல்லை மாற்றாமல் நோட்டில் எழுதி, அது சரி என்று ஆசிரியர் ஒப்புக்கொள்வது எவ்வளவு பெரிய தைரியம் என்று வகுப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். நாளை என்ன செய்வேன் என்பதைச் சொல்லப் பிள்ளைகளுக்கு அலுப்பதும் இல்லை. மாமா வீட்டுக்குப் போவேன், பரோட்டா சாப்பிடுவேன், சைக்கிள் ஓட்டுவேன் என்று பட்டியல் நீளும்.

நிகழ்காலத்தில் முதல் சிக்கல் வருகிறது. ஓடுறான், பாடுறாள் என்று பேசுகிறோம். நோட்டில் அது ஓடுகிறான், பாடுகிறாள். நடுவில் உள்ள கி பேச்சில் விழுங்கப்படுகிறது. பிள்ளைகள் ஓடுரான் என்று எழுதுவார்கள். கி போனதோடு றகரமும் ரகரமாகிவிடும். இதைச் சிவப்பு மையில் திருத்தித் தீராது. பழைய அட்டைப்பெட்டியை வெட்டி கிறேன், கிறாய், கிறான், கிறாள், கிறார், கிறது என்று ஆறு அட்டைகள் செய்து வைத்திருக்கிறேன். வினையடியைப் பிடித்திருக்கும் பிள்ளையும் இந்த அட்டையைப் பிடித்திருக்கும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும், வகுப்பு சேர்த்துப் படிக்க வேண்டும். கி-யும் றகரமும் ஒரே அட்டையில் சேர்ந்தே இருப்பதால் கண்ணுக்கு அது ஒரே துண்டாகப் பழகிவிடுகிறது. நட, படி, குதி போன்ற சொற்கள் வரும்போது நடுவில் ஒரு க் வேண்டும் என்று பிள்ளைகளே சொல்வார்கள், ஏனென்றால் படிகிறான் என்று படித்தால் காதுக்கு ஒப்பவில்லை. அதற்கு ஒரு சின்ன க் அட்டை தனியாக உண்டு. அதைப் பிடிக்க எப்போதும் போட்டி.

இறந்த காலத்துக்கு அதிக நாள் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் வினை முரண்டு பிடிப்பது அங்கேதான். ஓடினான், நடந்தான், படித்தான், போட்டான், நின்றான் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். தமிழ்ப் பிள்ளைகள் பேச்சில் இதைத் தவறவிடுவதில்லை. இந்தி பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை "போடினேன்" என்று சொல்லும். ஓடு, ஓடினேன் என்றால் போடு, போடினேன்தானே? அந்தப் பிள்ளை ஒரு விதியைக் கண்டுபிடித்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். யாராவது சிரித்தால் அங்கேயே நிறுத்தி, "கண்ணு எவ்வளவு அழகாக் கண்டுபிடிச்சிருக்கு பாருங்க, ஆனா போடு கொஞ்சம் பிடிவாதக்காரச் சொல், போட்டேன்னுதான் வரும்" என்று சொல்லிவிடுவேன்.

சுவரில் கீழ்மட்டக் கரும்பலகை இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை வந்த காலத்தில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஆளுக்கு ஒரு பகுதியாக வரைந்தது. வெள்ளையடிக்கும்போது அதை மறைத்துவிடாதீர்கள். நாங்கள் அதை வினைச்சொற்களின் வீடுகளாகப் பிரித்திருக்கிறோம். ஒரு கட்டத்தில் ஓடினேன், பாடினேன், தேடினேன், எழுதினேன், தூங்கினேன். பக்கத்தில் நடந்தேன், விழுந்தேன், திறந்தேன், மறந்தேன். அடுத்து படித்தேன், குதித்தேன், எடுத்தேன், கொடுத்தேன். அடுத்து போட்டேன், கேட்டேன், சாப்பிட்டேன். கடைசியில் நின்றேன், சென்றேன், வென்றேன். புதிதாக ஒரு வினையைக் கேட்ட பிள்ளை அதை எந்த வீட்டில் சேர்ப்பது என்று வாயால் சொல்லிப் பார்த்து எழுத வேண்டும். இலக்கணத்தில் இறந்தகால இடைநிலைகள் த், ட், ற், இன் என்று பெரிய வகுப்பில் படிக்கப்போகிறார்கள். அப்போது இந்தச் சுவர் அவர்கள் நினைவுக்கு வந்தால் போதும்.

இங்கேதான் பேச்சும் எழுத்தும் அதிகமாக விலகுகின்றன. படிச்சான், சிரிச்சான், அடிச்சான், தைச்சான், தேய்ச்சான் என்று பேசுவதைப் பிள்ளை அப்படியே எழுதும். உடைஞ்சது, காஞ்சது, மேஞ்சது என்றும் எழுதும். "தப்பு" என்று சொல்லிக் கோடு போட்டு அடித்தால் பிள்ளை அடுத்த முறை எழுதவே தயங்கும். நான் சிலேட்டை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் வீட்டுச் சொல், வலப்பக்கம் ஏட்டுச் சொல் என்று எழுதச் சொல்கிறேன். படிச்சான், படித்தான். சிரிச்சான், சிரித்தான். உடைஞ்சது, உடைந்தது. காஞ்சது, காய்ந்தது. இரண்டு பக்கமும் நிறைந்ததும் "என்ன மாறுது?" என்று மட்டும் கேட்பேன். ச்ச இருந்த இடத்தில் த்த வருகிறது, ஞ்ச இருந்த இடத்தில் ந்த வருகிறது என்று அவர்களே சொல்வார்கள். எடுத்தேன், கொடுத்தேன் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருப்பதையும் யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். முன்னால் இ, ஐ, ய் ஒலி இருக்கும்போதுதான் பேச்சில் இந்த மாற்றம் வருகிறது. எடு, கொடு முடிவது உகரத்தில். இதைப் பிள்ளைகளிடம் விளக்க வேண்டியதில்லை, ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் எடுத்துக்காட்டுகளைச் சரியாகப் பொறுக்கலாம்.

இந்தப் பாடம் முடிந்த வாரத்தில் சிலர் மஞ்சளை மந்தள் என்று எழுதுவார்கள். பயப்பட வேண்டாம், விதியை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மஞ்சள் என்பது பெயர், அது மாறாது என்று சொன்னால் போதும். "அம்மா பாப்பாவைக் கொஞ்சினாள்" என்பதைக் கொந்தினாள் என்று எழுதினால் மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கொஞ்சு என்ற அடியிலேயே ஞ்ச இருக்கிறது, அதனால் அது அப்படியே நிற்கும்.

மரியாதை விகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் "அம்மா வந்துச்சு", "அக்கா போச்சு" என்று பாசமாகச் சொல்வார்கள். அது மரியாதைக் குறைவு இல்லை, வீட்டின் பழக்கம். அம்மாவை அது என்று சொல்லலாமா என்று வகுப்பில் கேட்டுப் பிள்ளையைக் குறுக வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. அதையும் வீட்டுச் சொல் பக்கம் எழுதச் சொல்லி, ஏட்டுச் சொல் பக்கம் "அம்மா வந்தார்" என்று எழுத வைத்தால் விஷயம் முடிந்தது.

மூன்று காலமும் ஓரளவு பழகிய பின்தான் தரையில் கட்டம் வரைகிறேன். சாக்பீஸால் நேற்று, இப்போது, நாளை என்று மூன்று பெரிய கட்டங்கள். ஒரு பிள்ளை நொண்டியடித்துக்கொண்டு கட்டத்துக்குள் போகும், வகுப்பு ஒரு வினையடியைக் கத்தும், நிற்கும் கட்டத்துக்கு ஏற்ப முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். "நேற்று நான் பூப் பறித்தேன்." அடுத்த கட்டத்துக்குத் தாவினால் "இப்போது பறிக்கிறேன்." சற்றுப் பழகியதும் பிள்ளையின் பக்கத்தில் இன்னொரு பிள்ளையை நிறுத்தி "அவன்" என்று சேர்த்துக்கொள்ளலாம். இல்லை என்று சொல்லும் வடிவத்தையும் இதிலேயே சேர்த்துவிடுங்கள். பறிக்கவில்லை, பறிக்க மாட்டேன். "மாட்டேன்" என்று உரக்கச் சொல்ல வகுப்பில் அனுமதி கிடைப்பது அவர்களுக்குப் பெரிய சந்தோஷம்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிள்ளைகளின் வீட்டு வினைகள். அப்பா அம்மா என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் எங்கள் ஊரில் வரும் பதில்கள்: "அம்மா செக்கிங்", "அப்பா பவர் டேபிள்", "அக்கா கைமடி", "மாமா அயர்னிங்." எல்லாம் பனியன் கம்பெனி வேலைகளின் பெயர்கள். வினையே இல்லை. "செக்கிங்கில் அம்மா என்ன செய்வார்? செய்து காட்டு" என்பேன். பிள்ளை எழுந்து வந்து ஒரு துணியை விரிக்கும், திருப்பும், கண்ணைச் சுருக்கிப் பார்க்கும், ஓட்டையைத் தேடும், ஒதுக்கி வைக்கும். பார்த்துச் சொல்பவர் ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல நான் பலகையில் எழுதுவேன். விரிக்கிறார், திருப்புகிறார், பார்க்கிறார், தேடுகிறார், ஒதுக்குகிறார். ஒரு "செக்கிங்" என்ற சொல்லுக்குள் இருந்து ஐந்து தமிழ் வினைகள் வெளியே வந்துவிட்டன. நூல் கோக்கிறார், தைக்கிறார், பிசிறு வெட்டுகிறார், மடிக்கிறார், தேய்க்கிறார், அடுக்குகிறார், கட்டுகிறார் என்று ஒரு வாரத்தில் சுவர் நிறைந்துவிடும். தன் அம்மா காலை முதல் இரவு வரை என்ன செய்கிறார் என்பதை ஒரு பிள்ளை இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது, வினைச்சொல் பாடத்தை வேறு எங்கும் தேட வேண்டாம் என்று தோன்றும். வயல் உள்ள ஊரில் உழுகிறார், நாற்று நடுகிறார், களை பறிக்கிறார் என்று இருக்கும். கடற்கரையில் வேறு இருக்கும். படம் போட்ட அட்டையை விலைக்கு வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

இதோடு சேர்ந்து வருவது "பண்ணு." கட் பண்ணு, வாஷ் பண்ணு, ஓப்பன் பண்ணு, ஜம்ப் பண்ணு. வீட்டிலும் டிவியிலும் கேட்பதைத்தான் பிள்ளை பேசுகிறது, அதற்காகத் திட்டுவதில் நியாயம் இல்லை. ஆனால் இந்த ஒரு சொல் மற்ற வினைகள் எல்லாவற்றின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது என்பது உண்மையான கவலை. வாரத்தில் ஒரு பீரியடை "பண்ணு இல்லாத நேரம்" என்று வைத்திருக்கிறோம். வெட்டுவதை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் உட்கார்ந்தோம். வெண்டைக்காயை நறுக்குகிறோம். கீரையை ஆய்கிறோம், அப்புறம் அரிகிறோம். தேங்காயை உடைக்கிறோம், துருவுகிறோம். இளநீரைச் சீவுகிறோம், பென்சிலையும் சீவுகிறோம். கொத்தமல்லியைக் கிள்ளுகிறோம். பூவைப் பறிக்கிறோம். துணியைக் கத்தரிக்கிறோம். கரும்பை வெட்டுகிறோம், நெல்லை அறுக்கிறோம். மரத்தைச் செதுக்குகிறோம். இவ்வளவையும் "கட் பண்ணு" என்ற இரண்டு சொல்லுக்குள் அடைத்து வைத்திருந்தோம். பாதிச் சொற்களைக் கொண்டுவந்தது பிள்ளைகளின் பாட்டிமார்தான். "இன்னிக்கு ஆயாகிட்ட கேட்டுட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினால் மறுநாள் காலை வகுப்பு வாசலிலேயே சொற்களோடு நிற்பார்கள்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பந்து, ஒரு கதவு, ஒரு குடம், ஒரு ஊஞ்சல் என்று பொருள்களை வைத்து இன்னொன்று செய்கிறோம். பந்து உருள்கிறது, நான் உருட்டுகிறேன். கதவு திறந்தது, நான் திறந்தேன். குடம் நிரம்பியது, நான் நிரப்பினேன். ஊஞ்சல் ஆடுகிறது, நான் ஆட்டுகிறேன். கண்ணாடி உடைந்தது, யாரோ உடைத்தார்கள். கதவை மட்டும் பார்த்துவிட்டு "ரெண்டுக்கும் ஒரே சொல்லா?" என்று கேட்பார்கள், ஆம், சில வினைகள் அப்படி என்று சொல்லிக் கடந்துவிடலாம். உடைந்தது, உடைத்தான் என்ற ஜோடி மட்டும் வகுப்பில் நிஜ வாழ்க்கைப் பயன் உள்ளது. சிலேட்டு உடைந்த அன்று "அதுவா உடைஞ்சது" என்று சொல்லும் பிள்ளைக்கு உடைந்தது, உடைத்தேன் இரண்டுக்கும் உள்ள தூரம் நன்றாகவே தெரியும்.

வாக்கியம் அமைக்க வைக்கும்போது நன்னூல் எனக்குக் கைகொடுக்கிறது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் ஆகிய ஆறையும் தருவது வினை என்று அது சொல்கிறது. உரைகளில் குயவர் பானை வனைந்ததை வைத்து விளக்குவார்கள். எங்கள் வகுப்பில் "தைத்தார்" என்ற அட்டையோடு ஒரு பிள்ளை நிற்கும். அது மற்றவர்களைக் கூப்பிடும். யார்? அத்தை. எதை? சட்டையை. எதனால்? ஊசியால். எங்கே? வீட்டில். எப்போது? நேற்று. ஒவ்வொரு பதில் அட்டையும் முன்னால் வந்து வரிசையில் நிற்கும். "நேற்று வீட்டில் அத்தை ஊசியால் சட்டையைத் தைத்தார்." அப்புறம் வரிசையைக் கலைத்து மாற்றி நிறுத்துவோம். அத்தை முன்னால் வந்தாலும், ஊசி முன்னால் வந்தாலும் வாக்கியம் நிற்கிறது. தைத்தார் மட்டும் கடைசியிலேயே நிற்க விரும்புகிறது என்பதைப் பிள்ளைகள் நின்றபடியே உணர்கிறார்கள். வாக்கியம் எழுதத் திணறும் பிள்ளைக்கு, முதலில் கடைசிச் சொல்லை எழுது, பிறகு அது யாரைக் கூப்பிடுகிறது என்று பார் என்று சொன்னால் பேனா நகர்கிறது.

"வினைச்சொல் என்றால் என்ன?" என்ற கேள்விக்கு "ஒரு செயலைக் குறிக்கும் சொல்" என்று மனப்பாடம் செய்ய வைப்பதை மூன்றாம் வகுப்பு வரை தவிர்க்கிறேன். அந்த வரையறையை வைத்துக்கொண்டு அடிக்கோடிடச் சொன்னால் ஓட்டம், தையல், விளையாட்டு என்ற சொற்களின் கீழும் கோடு விழும். பிள்ளை செய்தது நியாயம்தான், அவையும் செயலைத்தான் குறிக்கின்றன. தொல்காப்பியம் இதைவிட உறுதியான சோதனையைத் தருகிறது. வினை வேற்றுமை ஏற்காது, காலத்தோடு தோன்றும். பிள்ளை மொழியில் அது இரண்டு கேள்வி. சொல்லுக்குப் பின்னால் ஐ ஒட்டுகிறதா? ஓட்டத்தை, தையலை என்று ஒட்டிவிட்டது, அப்படியானால் பெயர். நேற்று, நாளை போட்டால் சொல் மாறுகிறதா? ஓடினான், ஓடுவான் என்று மாறிவிட்டது, அப்படியானால் வினை. இந்த இரண்டு கேள்வியையும் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும்போது ஆசிரியர் நடுவில் வரவே வேண்டியதில்லை.

நடைமுறையில் சில. அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்த பின் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை, அவர்கள் கற்றிருக்கும் அளவுக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளாகப் பார்க்கிறோம். மூன்று பேர் விளையாட்டில் ஒவ்வொரு குழுவிலும் மூன்று நிலைப் பிள்ளைகளும் இருக்கும்படி பாருங்கள். அரும்பு நிலைப் பிள்ளை செய்பவராகத் தொடங்கட்டும், மலர் நிலைப் பிள்ளை பார்த்துச் சொல்லி அதைச் சிலேட்டிலும் எழுதட்டும். ஈராசிரியர் பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் பக்கத்திலேயே இருப்பார்கள், அவர்களை எழுதுபவர்களாக வைத்துக்கொள்ளலாம். சத்தத்தைப் பற்றிப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அல்லது வேப்பமரத்தடிக்குப் போங்கள். ஓடியாடும் பகுதி பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உடனே உட்கார்ந்து, செய்த வினைகளில் மூன்றையாவது எழுத வேண்டும். எழுதாமல் மணி அடித்துவிட்டால் மறுநாள் பாதி மறைந்திருக்கும்.

விலங்குகளின் ஒலி வினைகள் சுலபமாக வந்துவிடும். மயில் அகவும், யானை பிளிறும், குதிரை கனைக்கும் என்று ஒரு முறை நடித்தால் போதும். கடினமானது மாடுகள் மேய்ந்தன என்ற அஃறிணைப் பன்மை. பேச்சில் அது இல்லவே இல்லை. ஒரு மாடும் மேஞ்சது, பத்து மாடும் மேஞ்சதுதான். அதனால் மூன்றாம் வகுப்பின் கடைசிப் பருவம் வரை அதைத் தொடுவதில்லை, பிள்ளை "மாடுகள் மேய்ந்தது" என்று எழுதினாலும் அதற்கு முன் மதிப்பெண் குறைப்பதில்லை. தொடங்கும்போதும் எதிர்காலத்தில்தான் தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே மாடு வரும், மாடுகள் வரும் என்று ஒருமைக்கும் பன்மைக்கும் வேறுபாடே இல்லை. அதற்குப் பிறகு ஒரு பிள்ளையைக் காகமாக நிறுத்தி "காகம் கரைந்தது", ஐந்து பிள்ளைகளை நிறுத்தி "காகங்கள் கரைந்தன." இறந்த காலம் உறுதியான பிறகு "கரைகிறது", "கரைகின்றன" என்று நிகழ்காலத்துக்கு வருகிறேன், கின்றன என்ற புதிய அட்டையையும் அப்போதுதான் பழைய ஆறோடு சேர்க்கிறேன்.